தற்காப்புப் பயிற்சி: எல்லா டெக்னிக்கையும் வலம், இடம் ரெண்டு பக்கமும் பழக்கணுமா?

பட்டாலை (காரைக்குடி) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். 8 முதல் 10-ஆம் வகுப்பு வரை படிக்கும் பெண் பிள்ளைகளுக்குத் தற்காப்பு வகுப்பு எடுக்கிறேன். வாரம் 2 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், மொத்தம் 3 மாதம். அரசுப் பள்ளிகளில் சமக்ர சிக்ஷா திட்டத்தில் நடக்கும் தற்காப்புப் பயிற்சிக்கும் இதே 3 மாதம்தான். இடம் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் வளவு. முற்றத்தைச் சுற்றி ஆத்தங்குடிக் கல் (சிமென்ட் தரை ஓடு) பாவிய தாழ்வாரம். வாரத்தில் ஒரு நாள் வெளியே செம்மண் பொட்டலில் வகுப்பு.

என் அடிப்படை ஷோட்டோகான் கராத்தே. ரெண்டு பக்கமும் பழகுகிறோம் என்று வாயளவில் சொல்கிறோமே தவிர, பாடத்திட்டமே வலப்பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. தொடக்க நிலைக் கட்டாவான (தனியாகச் செய்யும் அசைவு வரிசை) ஹெய்யான் ஷோடனை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னோக்கிப் போகும் வரியில் 3 மேல்தடுப்பு: வலம், இடம், வலம். திரும்பி வரும் வரியில் 3 குத்து: அதுவும் வலம், இடம், வலம். கியாய் (உரக்கக் கத்துவது) ரெண்டும் வலத்தில் விழுகிறது. ஜோடிப் பயிற்சியிலும் முதல் தாக்குதல் பெரும்பாலும் வலக்கைக் குத்து. டெக்கி ஷோடன் மாதிரி ரெண்டு பக்கமும் சமமாக வரும் கட்டா தொடக்க நிலையில் கிடையாது.

பிள்ளைகளிடம் இது அப்படியே தெரிகிறது. வலக்கையைப் பிடித்தால் சட்டென்று விடுவிக்கிறார்கள். இடக்கையைப் பிடித்தால் ஒரு நொடி நின்று யோசிக்கிறார்கள், பிறகு பலத்தைப் போட்டு இழுக்கிறார்கள்.

என் சந்தேகங்கள்:

எல்லாவற்றையும் ரெண்டு பக்கமும் சொல்லிக்கொடுத்தால் 3 மாதத்தில் பாதிப் பாடம்தான் முடியும். எதை ரெண்டு பக்கமும் பழக்குவது, எதை ஒரு பக்கத்தோடு நிறுத்துவது? தெரியாத பக்கத்தை எப்போது ஆரம்பிப்பது, வலம் நன்றாகப் படிந்த பிறகா, அதே நாளிலேயா? கை சரியாகப் போகிறது, ஆனால் கால் தப்பாக வருகிறது. இதை எப்படித் திருத்துவது?

பொதுவாக "பயிற்சி பண்ணுங்க, வந்துரும்" என்று சொல்லாமல், எப்படி, எவ்வளவு என்று சொன்னால் நன்றாக இருக்கும்.

—

உடற்கல்வி_செக்காலை:

டீச்சர், முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்வோம். தற்காப்பில் சில அசைவுகளுக்குப் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பது நாம். சிலவற்றுக்குத் தேர்ந்தெடுப்பது எதிராளி. உள்ளங்கையால் மூக்கில் அடிப்பது நம் தேர்வு. வலக்கைக்காரப் பிள்ளை வலக்கையால் அடிக்கட்டும், இடக்கையில் அதே பலத்தை வரவைக்க 3 மாதம் போதாது. ஆனால் எந்த மணிக்கட்டைப் பிடிப்பான், எந்தத் தோளில் கை போடுவான், எந்தப் பக்கம் தள்ளி விழ வைப்பான் என்பதெல்லாம் அவன் கையில். இந்த ரெண்டாவது வகையைக் கட்டாயம் ரெண்டு பக்கமும் பழக்க வேண்டும். பாடத்தைச் சுருக்க வேண்டும் என்றால் முதல் வகையில் சுருக்குங்கள்.

இன்னொன்றும் பக்கத்தை முடிவு செய்யும்: நம் கையில் என்ன இருக்கிறது என்பது. வலக்கையில் போன், வலத்தோளில் பை, கையில் குடை. வலக்கைக்காரர்களுக்கு எப்போதும் வேலையாக இருப்பதே வலக்கைதான். ஆகவே "வலக்கை கட்டிய சுற்று" என்று வகுப்புக்கு 5 நிமிடம் ஒதுக்குங்கள். வலக்கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, அதைக் கீழே விடாமல் இடக்கையால் மட்டும் சமாளிக்கச் சொல்லுங்கள். அடுத்த சுற்றில் பாட்டிலை விட்டுவிட்டு ரெண்டு கையாலும் செய்யட்டும். பொருளை விட்டுவிடுவதும் பழக வேண்டிய அசைவுதான். பயத்தில் கை இன்னும் இறுகிப் பிடிக்கும், தானாக விடாது.

இப்போது மணிக்கட்டுப் பிடி. இங்கேதான் நிறையப் பேர் கண்ணாடிப் பக்கத்தை, அதாவது கண்ணாடியில் தெரிவது போல வலம் இடம் மாறிய பக்கத்தை, தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒற்றைக் கையால் பிடிப்பது 4 வகை:

அவன் வலக்கை, நம் இடக்கை.
அவன் இடக்கை, நம் வலக்கை.
அவன் வலக்கை, நம் வலக்கை.
அவன் இடக்கை, நம் இடக்கை.

முதல் ரெண்டும் நேர்ப் பிடி. ஒன்றுக்கொன்று கண்ணாடி. கடைசி ரெண்டும் குறுக்குப் பிடி. அவையும் ஒன்றுக்கொன்று கண்ணாடி. "வலக்கையைப் பிடித்தால் இப்படி, இடக்கையைப் பிடித்தால் அப்படி" என்று சொல்லிக்கொடுத்தால் நேரும் குறுக்கும் கலந்துவிடும். ஒரே வலக்கையை அவன் எந்தக் கையால் பிடித்தான் என்பதைப் பொறுத்து வெளியேறும் வழியே மாறுகிறது.

நேர்ப் பிடியில் அவன் கட்டைவிரலும் விரல்நுனிகளும் சந்திப்பது நம் மணிக்கட்டின் உள்பக்கம், அதாவது நம் தொப்புளைப் பார்த்த பக்கம். பிடியின் பலவீனமான இடம் அந்த இடைவெளி. உள்ளங்கை நம்மைப் பார்க்க, கட்டைவிரல் மேலே வர முன்கையைத் திருப்பினால் எலும்பின் குறுகிய விளிம்பு அந்த இடைவெளிக்கு நேராக வரும். முழங்கையை மடக்கி அவனை நோக்கி முன்னே கொண்டுபோனால் கை எதிர்த்தோளுக்கு வந்துவிடும். இழுக்கக் கூடாது. இழுத்தால் அவன் நாலு விரலோடு மோதுகிறோம். முழங்கையை முன்னே தள்ளினால் ஒரு கட்டைவிரலோடுதான் மோதல்.

குறுக்குப் பிடியில் இடைவெளி வெளிப்பக்கம் இருக்கும். கை உள்ளிருந்து மேலே எழும்பி, அவன் மணிக்கட்டைத் தாண்டி, வெளிப்பக்கம் விழ வேண்டும். முழங்கை விலாவை ஒட்டியே இருக்கட்டும். அது அகன்றால் தோள்பட்டை மட்டும்தான் வேலை செய்யும், இடுப்பின் பலம் வராது.

காலுக்கு வருவோம். உங்கள் மூன்றாம் கேள்விக்கு இதுதான் பதில். நாலு பிடிக்கும் கால் ரெண்டே ரெண்டுதான். அவன் தன் வலக்கையால் பிடித்தால் நம் இடக்கால் இடப்பக்கம் சாய்வாக முன்னே. அவன் தன் இடக்கையால் பிடித்தால் நம் வலக்கால் வலப்பக்கம் சாய்வாக முன்னே. நம் எந்தக் கை மாட்டியிருக்கிறது என்பது காலுக்குத் தேவையே இல்லை. இப்படிப் போனால் அவன் பிடித்த கையின் வெளிப்பக்கம் நிற்போம். அவனுடைய சும்மா இருக்கும் கை நம் முகத்துக்கு எட்ட அவன் உடம்பைத் திருப்பியாக வேண்டும். அடி வைக்கும் தூரம் ஒரு பாத நீளம் போதும். பெரிய எட்டு வைத்தால் இடுப்பு திரும்பாது.

ஆகவே முதல் 2 வகுப்பில் கையே வேண்டாம். ஜோடி எதிரே நின்று ஒரு கையை மட்டும் நீட்டட்டும். பிள்ளை கால் மட்டும் வைக்கட்டும். வரிசையாக இல்லாமல் மாற்றி மாற்றி 20 தடவை. கால் யோசிக்காமல் வந்த பிறகு கையைச் சேருங்கள். கையை முதலில் சொல்லிக்கொடுத்தால் கால் பழைய பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும். நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

இன்னொரு முக்கியமான ஏமாற்றம்: இடக்கையால் பிடிக்கச் சொன்னால், பிடிக்கிற பிள்ளைக்கும் அது பலமில்லாத கை. பிடி தளர்வாக இருக்கும், விடுவிக்கிறவளுக்கு நன்றாக வந்துவிட்ட மாதிரி தோன்றும். பிடிக்கு 3 நிலை வையுங்கள்: லேசாக, நடுத்தரமாக, முழு இறுக்கமாக. இடக்கை முழு இறுக்கத்தில் பிடித்தாலும் வலக்கையின் நடுத்தரத்துக்குத்தான் வரும் என்றால், பிடிக்கிறவள் ரெண்டு கையாலும் பிடிக்கட்டும். அப்போது விடுவிக்கிறவள் தன் மற்றக் கையால் மாட்டிய கையின் முஷ்டியையே பற்றி, ரெண்டு கை பலத்தோடு இடைவெளி வழியே மேலே எடுக்க வேண்டும்.

—

டோஜோ_தேவகோட்டை:

செக்காலை அண்ணே, நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். 3 மாதம் என்றால் மொத்தமே 25 மணி நேரம் சுமார். பரீட்சை, திருவிழா லீவு போனால் 20 தேறும். அதில் ஒவ்வொன்றையும் ரெண்டாகப் பெருக்கினால் எதுவும் உடம்பில் ஏறாது. ஆபத்து நேரத்தில் தெரிவுகள் கூடினால் உடம்பு தயங்கும். 1952-ல் ஹிக் என்பவர் இதை அளந்தே காட்டியிருக்கிறார்: தேர்வு செய்யும் வழிகள் கூடக் கூட எதிர்வினைக்கு ஆகும் நேரமும் கூடும்.

குத்துச்சண்டைக்காரர்களைப் பாருங்கள். பெரும்பாலோர் ஆயுள் முழுக்க ஒரே நிலையில்தான் நிற்கிறார்கள். ஜூடோவில் உலகத் தரத்தில் ஆடுகிறவர்களுக்கும் முக்கியமான எறிதல் ஒரு பக்கத்தில்தான் முழுமையாக இருக்கும். அவர்கள் ரெண்டு பக்கமும் சமமாகப் பழகவில்லை என்பதற்காக அது குறையாகிவிடவில்லை.

என் கருத்து: அடி ஒரே பக்கம். நிலை ஒரே பக்கம். பிடி விடுவிப்பதில் வேண்டுமானால் நீங்கள் சொல்கிற 4 வகை. கழுத்தை நெரிப்பது, பின்னாலிருந்து கட்டிப்பிடிப்பது இதற்கெல்லாம் ஒரு பக்கம் போதும்.

நிலையைப் பற்றி ஒரு வார்த்தை. இடக்கால் முன்னே வைத்து முட்டியை மடக்கி நிற்கும் சண்டை நிலையைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே கொடுக்காதீர்கள். ரெண்டு உள்ளங்கையும் நெஞ்சு உயரத்தில் வெளியே பார்த்து, "கிட்ட வராதே, தள்ளி நில்லு" என்று உரக்கச் சொல்லும் நிலையே போதும். பாதங்கள் தோள் அகலத்தில், ஒன்று அரையடி முன்னே. எந்தக் கால் முன்னே இருந்தாலும் அதே நிலைதான். தூரம் ரெண்டு கை நீளம். அதற்குள் வந்துவிட்டால் கண் பார்த்து முடிவெடுக்க நேரம் இருக்காது.

—

உடற்கல்வி_செக்காலை:

தம்பி, நிலையைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அடியைச் சுருக்குவதிலும் நாம் ஒன்றுதான். ஹிக் சொன்னதும் உண்மை. அதனால்தான் 4 பிடிக்கு 4 டெக்னிக் என்று சொல்லிக்கொடுக்காமல் ரெண்டு விதியாகக் கொடுக்கச் சொல்கிறேன்: கால் அவன் கையைப் பார்க்கும், கை அவன் கட்டைவிரலைத் தேடும். பிள்ளை "இது எத்தனையாவது பிடி" என்று எண்ணவே வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் பழகுவதால் விதிதான் படிகிறது. ஒரு பக்கம் மட்டும் பழகினால் படிவது ஒரு அசைவு. பக்கம் மாறினால் அதுவும் உதவாது.

பின்னாலிருந்து பிடிப்பதில் நீங்கள் சொன்னதை ஏற்க முடியவில்லை. பின்னாலிருந்து ஒரு கையால் கழுத்தைச் சுற்றும்போது, முகவாயைத் திருப்ப வேண்டிய பக்கம் அவன் முழங்கை மடிப்பு இருக்கும் பக்கம். மடிப்புக்கு உள்ளேதான் மூச்சுக்குழாய்க்கு இடம் கிடைக்கும். வலக்கையால் சுற்றினால் மடிப்பு ஒரு பக்கம் வரும், இடக்கையால் சுற்றினால் மறுபக்கம். ஒரே பக்கம் திருப்பிப் பழகியவள் தப்பான பக்கம் திருப்பினால் அவன் முன்கை எலும்பே தொண்டையில் அழுந்தும். இதை மெதுவாக, அழுத்தமே இல்லாமல், தட்டினால் உடனே விடுவது என்ற விதியோடு ரெண்டு பக்கமும் பழக்கியே ஆக வேண்டும்.

எப்போது தெரியாத பக்கம் தொடங்குவது என்ற கேள்விக்கு: அதே நாளில். ஒரு கைக்குக் கொடுத்த பயிற்சி மறு கைக்கும் ஓரளவு போய்ச் சேரும் என்பது 1894-லேயே யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சர் செய்த சோதனையிலிருந்து தெரிந்த விஷயம். "ஓரளவு" என்பதைக் கவனியுங்கள், முழுசாகப் போகாது. ஆகவே புதுப் பாடத்தை வலக்கைக்காரப் பிள்ளைக்கு வலத்தில் 5 தடவை, உடனே இடத்தில் 5 தடவை. மூன்றாவது சுற்றிலிருந்து இடத்தில் தொடங்கி இடத்திலேயே முடியுங்கள். 3-க்கு 2 என்ற கணக்கில் இடம் கூடுதலாக வரும்.

அடுத்த வகுப்பிலிருந்து வரிசையைக் கலைத்துவிடுங்கள். வலம் 20, பிறகு இடம் 20 என்று போனால் வகுப்பில் அழகாக இருக்கும், அடுத்த வாரம் மறந்திருக்கும். 1979-ல் ஷேயும் மோர்கனும் செய்த ஆய்வு இதைத்தான் சொல்கிறது: கலந்து பழகுகிறவர்கள் பயிற்சியின்போது தடுமாறுகிறார்கள், நாள் கழித்துச் சோதித்தால் அவர்களிடம்தான் பாடம் நிற்கிறது. பிள்ளைகள் தடுமாறுவதைப் பார்த்துப் பழைய வரிசைக்குத் திரும்பிவிடாதீர்கள்.

—

காலடி (கானாடுகாத்தான்):

வணக்கம் டீச்சர். சிலம்பத்திலிருந்து ரெண்டு வார்த்தை.

கம்பு சுத்துறவங்க நிறைய பேர் "நாங்க ரெண்டு பக்கமும் பண்றோம்"னு சொல்வாங்க. வலக்கையில கம்பைப் புடிச்சு உடம்புக்கு வலப்பக்கம் ஒரு சுத்து, இடப்பக்கம் ஒரு சுத்து. பார்க்க ரெண்டு பக்கம்தான். ஆனா வேலை செய்யுறது ஒரே மணிக்கட்டு. உடம்போட பக்கம் வேற, கையோட பக்கம் வேற. கை மாத்தி, இடக்கை மேலே வலக்கை கீழேன்னு புடிச்சு அதே வீச்சைப் போட்டாத்தான் ரெண்டு பக்கம்னு சொல்லலாம்.

அதைப் பழக்குற விதம்: கம்பு நெத்தி உயரம். இடக்கைக்குப் பழகும்போது அதே உயரத்துல கொஞ்சம் எடை குறைஞ்ச பிரம்பு எடுத்துக்கங்க. கனமான மூங்கிலை எடுத்தா மணிக்கட்டு சுத்துறதுக்குப் பதிலா தோள் சுத்தும். ஒரே வாரத்துல தோள் வலி வரும். முதல்ல கம்பு இல்லாம காலடி மட்டும், அப்புறம் நின்ன இடத்துல கை மட்டும், அப்புறம்தான் ரெண்டையும் சேர்க்கணும். அடிமுனையில எவ்வளவு விட்டுப் புடிக்கிறதுங்கிறது வாத்தியாருக்கு வாத்தியார் மாறும். நீங்க பழகின அளவு எதுவோ, கை மாத்தினாலும் அதே அளவு இருக்கான்னு பாருங்க. இடக்கை தன்னையறியாம நடுக் கம்புக்கு ஏறிடும். ஒரு கறுப்பு டேப் சுத்தி அடையாளம் வச்சுட்டா ஏறுனது உடனே தெரியும்.

பிள்ளைகளுக்குக் கம்பே தேவையில்லைன்னு நினைக்கலாம். ஆனா குடை, ஸ்கேல், சுருட்டின நோட்டு எல்லாம் குறுங்கம்புதான். அதுக்கு ஒரே பாடம் போதும்: ரெண்டு கையாலும் ரெண்டு முனையையும் புடிச்சு குறுக்கே முன்னே தள்ளுறது. அதுல வலம் இடம்னே கிடையாது. நேரம் குறைவா இருக்கிற வகுப்புக்கு இந்த மாதிரி பக்கமே இல்லாத அசைவுகளைத் தேடிப் புடிச்சுக் குடுங்க. ரெண்டு உள்ளங்கையாலும் நெஞ்சுல தள்ளுறது, சட்டையை ரெண்டு கையால புடிச்சு முழங்காலால ஏத்துறது இதெல்லாம் அந்த வகை. முழங்கால்ல எந்தக் கால் பின்னாடி இருக்கோ அதையே தூக்கச் சொல்லுங்க, கால் மாத்தி நிக்க வேண்டாம்.

முழங்கை அடி ரெண்டு பக்கமும் சுலபமா வரும். தூரம் குறைவு, விரல், மணிக்கட்டு வேலையே இல்லை. ஒரு வகுப்புல ரெண்டு பக்கமும் புடிச்சுக்குவாங்க.

வளவுத் தாழ்வாரத்துல கம்பு எடுக்காதீங்க. தேக்குத் தூண் ரெண்டுக்கு நடுவுல நெத்தி உயரக் கம்பு முழுசாச் சுத்தாது. தூண்ல பட்டுத் திரும்பி வர்ற கம்பு சுத்துறவ முகத்துக்கே வரும். பொட்டல்ல ஆளுக்கு ஆள் 12 அடி விட்டு நிறுத்துங்க.

—

பட்டாலை:

ரொம்ப நன்றி, எல்லாருக்கும். கால் விதி எனக்கே புதுத் தெளிவு. இன்னும் 3 விஷயம்.

ஆத்தங்குடிக் கல்லில் விழுந்து எழுவதைப் பழக்கலாமா? வகுப்பில் இடக்கைப் பிள்ளைகள் உண்டு, அவர்களுக்கு எல்லாவற்றையும் திருப்பிச் சொல்ல வேண்டுமா? நான் எதிரே நின்று செய்து காட்டும்போது பாதிப் பேர் என் வலத்தைத் தங்கள் இடமாக எடுத்துக்கொள்கிறார்கள். போனில் எடுத்த வீடியோவைப் பார்த்தாலும் அதே குழப்பம்.

இன்னொரு சந்தேகம் செக்காலை அண்ணனுக்கு: இந்தப் பக்கத்துச் சந்துகள் குறுகலானவை. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக வீடுகள் நீளமாகக் கிடக்கின்றன. இடையில் நீளச் சுவர்தான். சாய்வாகக் கால் வைக்க வேண்டிய பக்கம் சுவர் இருந்தால்?

—

ஊருணி (ஜூடோ, புதுவயல்):

விழுவதைப் பற்றி நான் சொல்கிறேன்.

வெறும் ஆத்தங்குடிக் கல்லில் விழப் பழக்கவே கூடாது. சிமென்ட் கல், கொஞ்சமும் அமுங்காது. மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பு. வேர்வைத் துளி பட்டால் வெறுங்காலும் வழுக்கும். காலுறை போட்டு நிற்கவே விடாதீர்கள். கராத்தேக்குப் போடும் 20 மி.மீ. நுரைப் பாய் நிற்கவும் திரும்பவும் சரி, விழுவதற்குப் போதாது. ஜூடோவில் 40 மி.மீ. பாய்தான் வழக்கம். இருக்கிற பாயையே ரெண்டு அடுக்காகப் போடுவதென்றால் மேல் அடுக்கின் இணைப்பு கீழ் அடுக்கின் இணைப்புக்கு நேராக வராமல் பாருங்கள். வழவழத் தரையில் பாய் நகரும். ஓரத்தைச் சுவரோடு முட்டுக்கொடுத்துப் போடுங்கள்.

எல்லாரும் தங்களுக்குப் பிடித்த பக்கமே விழுவார்கள். தள்ளுகிறவன் அதைக் கேட்டுக்கொண்டு தள்ள மாட்டான். ஆகவே பக்கவாட்டில் விழுவதை ரெண்டு பக்கமும் சமமாகப் பழக்குங்கள். வரிசை இது: முதலில் உட்கார்ந்த நிலையிலிருந்து, பிறகு குந்திய நிலையிலிருந்து, கடைசியாகத்தான் நின்ற நிலையிலிருந்து. முகவாய் நெஞ்சைத் தொட வேண்டும். விழும் பக்கத்துக் கை முழுதும், உள்ளங்கை முதல் முழங்கை வரை, ஒரே நேரத்தில் தரையில் அறைய வேண்டும். உடம்புக்கும் கைக்கும் நடுவில் 45 பாகை அளவு கோணம். அதைவிட அகன்றால் தோள் மாட்டும். ஒட்டியிருந்தால் கை உடம்புக்கு அடியில் போகும்.

பலமில்லாத பக்கத்தில் வரும் பெரிய தப்பு, கையை நேராக ஊன்றித் தாங்கப் பார்ப்பது. மணிக்கட்டு உடைவதும் முழங்கை விலகுவதும் இப்படித்தான். அது வருகிறது என்று தெரிந்தால் அந்தப் பிள்ளையை மறுபடி குந்திய நிலைக்கே இறக்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

விழுந்த பிறகு எழுவது இன்னும் முக்கியம். பின்னால் சாய்ந்து உட்கார்ந்த நிலை. வலக்கையைப் பின்னால் ஊன்றி, இடப்பாதத்தை இடுப்புக்கு அருகில் தரையில் வைக்க வேண்டும். ஊன்றும் கையும் ஊன்றும் காலும் எதிரெதிர்ப் பக்கம், இதை மறக்கக் கூடாது. இடமுன்கை முகத்துக்கு முன்னே. இடுப்பைத் தூக்கி, வலக்காலை அடியில் பின்னே இழுத்து ஊன்றினால், இடக்கால் முன்னே இருக்கும் நிலையில் எழுந்துவிடுவோம். கண் அவனை விட்டு விலகாது. மறுபக்கம் எல்லாமே மாறும்: இடக்கை ஊன்றி, வலப்பாதம் தரையில், இடக்கால் பின்னே. ஒரே பக்கத்துக் கையையும் காலையும் ஊன்றினால் இடுப்பு எழவே எழாது. பிள்ளைகள் முட்டி போட்டு, முதுகைக் காட்டி எழப் பார்ப்பார்கள். அதுதான் ஆபத்து. பக்கத்துக்கு 5 தடவை, வகுப்பின் தொடக்கத்தில் உடம்பைச் சூடாக்கவே இதை வைத்துக்கொள்ளலாம்.

புத்தகப் பையோடும் ஒரு சுற்று வையுங்கள். முதுகில் பை இருந்தால் முதுகு முதலில் தட்டி, தலை பின்னே வெட்டும். பக்கவாட்டில் விழுவதற்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தச் சுற்றுக்கு உட்கார்ந்த நிலை போதும், பைக்குள் துணியை வையுங்கள், ஜியாமெட்ரி பாக்ஸ் வேண்டாம்.

செம்மண் பொட்டலில் சரளையைப் பெருக்கிவிட்டு லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். அங்கே ஷூ போட்டுக்கொண்டு இடுப்பைத் திருப்பினால் பாதம் மண்ணில் பிடித்துக்கொள்ளும், முழங்கால் திருகும். குதிகாலை லேசாகத் தூக்கி, முன்பாதத்தில் திரும்பச் சொல்லுங்கள். பலமில்லாத பக்கத்தில் குதிகாலைத் தூக்க மறப்பது சாதாரணம். அந்தப் பக்கத்து முழங்காலைத்தான் நீங்கள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

—

காலடி (கானாடுகாத்தான்):

இடக்கைப் பிள்ளைகளைப் பத்தி: அடிக்கிற கை அவங்களோட இடக்கையா இருக்கட்டும், மாத்தச் சொல்லாதீங்க. பிடி, விழுறது, எழுறது எல்லாருக்கும் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், அதுல திருப்பிச் சொல்ல ஒண்ணுமில்லை. அந்தப் பிள்ளைகள் எப்பவும் வலக்கைக்காரங்களோடதான் பழகுறாங்க. இடக்கைக்காரங்களோட பழக வாய்ப்பே இல்லாம இருக்கிறது மத்தவங்கதான். 2 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஜோடியை மாத்தி, எல்லாரும் அந்தப் பிள்ளைகள்கிட்ட ஒரு சுத்து வர்ற மாதிரி பாத்துக்கங்க. நல்ல இறுக்கமான இடக்கைப் பிடி அவங்ககிட்டதான் கிடைக்கும்.

செஞ்சு காட்டும்போது பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. வலது இடதுன்னு சொல்லாம "முகப்புப் பக்கக் கால், அடுப்படிப் பக்கக் கால்"னு சொல்லிப் பாருங்க, குழப்பம் பாதியா குறையும். எல்லாரும் ஒரே திசையைப் பாத்து நிக்கிற வரைக்கும்தான் இது செல்லும். ஜோடியா எதிரெதிரே நிக்கும்போது இடக்கை மணிக்கட்டுல ஒரு சிவப்பு ரிப்பன். வீடியோவை முன் கேமராவுல எடுக்காதீங்க. சில போன் பக்கத்தைத் திருப்பியே சேமிக்கும். பின் கேமராவுல, பிள்ளைக்குப் பின்னால நின்னு எடுங்க. ரிப்பன் எந்தக் கையில இருக்குன்னு பாத்தா படம் திரும்பியிருக்கா இல்லையான்னும் தெரிஞ்சிரும்.

—

உடற்கல்வி_செக்காலை:

டீச்சர், சந்துக் கேள்வி நல்ல கேள்வி. பக்கத்தில் சுவர் இருந்தால் சாய்வாகப் போக இடமில்லை. அப்போது கால் நேராக முன்னே, அதே கால்தான். முழங்கையை முன்னே தள்ளும் வேலைக்கு நேர் அடியும் போதும். வெளிப்பக்கம் நிற்கும் பாதுகாப்பு மட்டும் கிடைக்காது. ஆகவே நம்முடைய சும்மா இருக்கும் கை நம் முகத்துக்கு முன்னே வந்தாக வேண்டும். அவன் பலமான ஆளாக இருந்தால் அந்தக் கையே நம் மாட்டிய கையின் முஷ்டியைப் பற்றி உதவிக்கு வரட்டும், விடுபட்ட நொடியே முகத்துக்குத் திரும்பட்டும். வளவில் சுவரை ஒட்டி ஜோடிகளை நிறுத்தி, ஒரு சுற்று வலப்பக்கம் சுவர், ஒரு சுற்று இடப்பக்கம் சுவர். பலமில்லாத பக்கத்தில் சுவர் இருக்கும்போது பிள்ளைகள் முழங்கையைச் சுவரில் இடித்துக்கொள்வார்கள். விலாவை ஒட்டி வைக்கச் சொன்னது ஏன் என்று அப்போது சொல்லாமலே விளங்கும்.

படிந்திருக்கிறதா என்று பார்க்க, மாதம் ஒரு தடவை இப்படிச் சோதியுங்கள். பிள்ளை கண்ணை மூடி நிற்கட்டும். ஜோடி 4 பிடியில் ஏதாவது ஒன்றைப் பிடிக்கட்டும், பிடித்ததும் கண்ணைத் திறக்கலாம். 10 தடவையில் முதல் அடி சரியான காலில் வந்ததா என்பதை மட்டும் குறியுங்கள். பிடி விட்டதா இல்லையா என்று பார்க்காதீர்கள், பலசாலிப் பிள்ளை தப்பான காலிலும் விடுவித்துவிடுவாள். வலம், இடம் தனித்தனியாக எழுதுங்கள். ரெண்டுக்கும் வித்தியாசம் 2-க்கு மேல் இருந்தால் அந்தப் பிள்ளை மறுபடி கை இல்லாத காலடிக்குப் போகட்டும், ஒரு வகுப்பு போதும்.

சோதனைக்கு முன்னால் கண்ணாடி வளையல், மோதிரம், கடிகாரம் எல்லாம் கழற்றி வாங்கி வையுங்கள். முழு இறுக்கப் பிடியில் வளையல் உடைந்தால் ரெண்டு பேர் மணிக்கட்டும் கிழியும். நகம் வெட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.